நான் போட்ட இரண்டு முடிச்சு

1

என் தங்கை கமலத்துக்குத் தை மாதம் கல்யாணம். ஆவடி பக்கம் எங்கள் ஊரான சேக்காட்டிலிருந்து கடிதம் வந்திருக்கிறது. மாப்பிள்ளை பூந்தமல்லியில் பள்ளிக்கூட வாத்தியார். பெண் பார்க்க வந்த அன்றே, இந்தச் சடங்குகளுக்கெல்லாம் என்ன அர்த்தம், எங்கிருந்து வந்தன என்று கேட்டாராம். வீட்டில் ஒருவருக்கும் பதில் தெரியவில்லை. "அக்கா, எதற்கெடுத்தாலும் பட்டியல் போடுகிறவள் நீதான். பந்தக்கால் முதல் ஒவ்வொன்றுக்கும் எதிரில் அர்த்தம் எழுதி அனுப்பு. கப்பல் தபால் பிந்திவிடும், சீக்கிரம்" என்று எழுதியிருக்கிறாள்.

கமலம், அப்படி ஒரு பட்டியலை நான் ஏற்கெனவே எழுதியிருக்கிறேன். அதன் கார்பன் பிரதி என் பெட்டியில் இருக்கிறது. அதை உறையில் போட்டு அனுப்பிவிட்டால் வேலை முடிந்தது. மூன்று நாளாக அதை எடுப்பதும் திரும்ப வைப்பதுமாக இருக்கிறேன். அந்தப் பட்டியலால் என்ன நடந்தது என்று சொல்லாமல் அதை அனுப்ப எனக்கு மனமில்லை. உனக்கு மட்டும் சொன்னால் போதாது. பெண்களைக் கப்பலேற்றி அனுப்பிவிட்டு, அங்கே நன்றாக இருப்பாள் என்று நினைத்துக்கொண்டிருக்கும் வீடுகள் நம் பக்கத்தில் நிறைய இருக்கின்றன. அவர்களும் படிக்கட்டும். பெயர்களை மட்டும் மாற்றிவிட்டேன்.

2

மலாயாவில், ஈப்போவுக்குத் தெற்கே ஒரு ரப்பர் தோட்டத்தில் இருக்கிறேன். என் கணவர் தோட்டத்து ஆஸ்பத்திரியில் கம்பவுண்டர். நான் பிரசவ நர்ஸ். ஆவடி ஸ்டேஷனில் ரயிலேறிப் பட்டணம் போய்ப் படித்த படிப்பு, இங்கே தகரக்கூரைக்குக் கீழே பன்னிரண்டு கட்டில்களுக்கு நடுவில் பயன்படுகிறது. விடியும்போது மணியடித்து ஆட்களைக் களத்தில் நிறுத்திப் பெயர் கூப்பிடுவார்கள். ஆறரைக்கு நான் குழந்தைகளை எடை போடத் தொடங்குவேன். பிறகு புண்ணுக்கு மருந்து, மலேரியாவுக்குக் கொய்னா மாத்திரை, மறுபடி எடை. எல்லாவற்றுக்கும் தாளில் கட்டம் போட்டு வைத்திருக்கிறேன். கட்டம் காலியாக இருந்தால் எனக்குப் பொறுக்காது. இது பின்னால் முக்கியமாகப் போகிறது.

என் மகனுக்கு நாலு வயது. தண்ணீர் வேண்டுமென்றால் மலாய்க்காரக் குழந்தைகளைப் போல "ஆயர்" என்கிறான். "தண்ணீர் என்று சொல்லடா" என்றால், "எது சொன்னாலும் அதேதானேம்மா குடுக்கப்போற" என்கிறான். தம்ளரை நீட்டிவிடுகிறேன்.

ஆஸ்பத்திரியில் எனக்கு ஆயா எல்லம்மா. ஐயப்பன்தாங்கல் பக்கம் கழனி வேலை செய்துகொண்டிருந்த குடும்பம். கப்பலுக்கு ஆள் சேர்த்து வைக்கும் ஆவடி முகாமில் எட்டு நாள் இருந்துவிட்டு வந்தவள். அந்த முகாமுக்கு நம் நைனா கத்தரிக்காய் போட்டார் என்று ஒருநாள் அவளிடம் சொன்னேன்.

"உங்க நைனா கத்திரிக்காயா அது? பாதி புழு நர்சம்மா. நல்லாத்தான் துன்னோம்" என்றாள்.

சேக்காட்டில் இருந்திருந்தால் எல்லம்மா நம் வீட்டு வாசற்படியைத் தாண்டியிருக்க மாட்டாள். நானும் உள்ளே வா என்று கூப்பிட்டிருக்க மாட்டேன். கடல் தாண்டியதும் நான் பெரிய மனுஷி ஆகிவிட்டேன் என்று எழுத ஆசைதான். உண்மை வேறு. இந்தத் தோட்டத்தில் "இன்னா", "கீது" என்று பேசுகிறவர்கள் நாலே பேர். அந்தப் பேச்சு காதில் விழுந்தால் எனக்கு அன்றைய வேலை சுலபமாக நடக்கும். அவ்வளவுதான்.

3

எல்லம்மாவின் கல்யாணம் நான் இங்கே வந்த முதல் வருஷம், தோட்டத்து மாரியம்மன் கொட்டகையில் நடந்தது. மாப்பிள்ளை மாணிக்கம். அவனும் நம் பக்கம், ஆவடிக்காரன்; ரப்பர் மரத்தைக் கீறிப் பால் எடுக்கிறவன். மஞ்சளில் தோய்த்த வெள்ளைப் புடவை, செம்பருத்தி மாலை, பொட்டுத் தங்கத்தில் தாலி. மாணிக்கம் முதல் முடிச்சைப் போட்டான். அப்புறம் எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். இரண்டாவது, மூன்றாவது முடிச்சு மாப்பிள்ளையின் சகோதரி போட வேண்டியது. அவள் ஆவடியில் இருக்கிறாள். நடுவில் கடல்.

எல்லம்மா குனிந்த தலை நிமிராமல் சொன்னாள்: "ஊர்ல நாத்தனாருங்க நான் நீன்னு சண்டை போட்டுகினு வருவாளுங்க. இங்க ஒருத்தியும் இல்ல. கழுத்து வலிக்குது, யாராச்சும் கட்டுங்க."

மாணிக்கம் என்னைக் காட்டினான். "அக்கா கட்டட்டும். நம்ம ஊரு. எனுக்கு அக்கா மாதிரிதான்."

கட்டினேன். எனக்குத் தெரிந்த முடிச்சு ஒன்றுதான். பிரசவத்தில் தொப்புள்கொடியைக் கட்டும் முடிச்சு. வலதை இடதின் மேல், பிறகு இடதை வலதின் மேல். நழுவவே நழுவாது. அன்றிலிருந்து எல்லம்மா என்னை நர்சம்மா என்று கூப்பிடுவதை நிறுத்தி அண்ணி என்று கூப்பிடத் தொடங்கினாள். ஒவ்வொரு ஆடிப் பதினெட்டுக்கும் புது மஞ்சள் கயிற்றோடு வருவாள். முதுகைக் காட்டி நின்று முடியை ஒதுக்கிக்கொள்வாள். பழைய கயிற்றிலிருந்து தாலியை எடுத்துப் புதியதில் கோத்து, கூட வந்த மாணிக்கம் முதல் முடிச்சைப் போட்டதும் மற்ற இரண்டையும் நான் கட்டிவிடுவேன். "கொஞ்சம் லேசா போடு அண்ணி, மூச்சு முட்டுது" என்பாள். லேசாகப் போட எனக்கு வராது.

மறு வருஷம் செல்லி பிறந்தாள். என் கையில்தான் விழுந்தாள். ஆறு பவுண்டு.

4

மாணிக்கம் கெட்டவன் என்று எழுதமாட்டேன். கள்ளுக்கடைக்குப் போகாத நாட்களில் செல்லியைத் தோளில் உட்காரவைத்துக்கொண்டு தோட்டம் முழுக்கச் சுற்றுவான். போன நாட்களில் எல்லம்மாவை அடிப்பான். இரண்டாவது வகை நாட்கள் கூடின. போன வருஷம் அவள் செல்லியைத் தூக்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் பின்னால் இருக்கும் சிறு அறைக்கு வந்துவிட்டாள்.

அந்தச் சமயத்தில் ரப்பர் விலை விழுந்தது. ஆட்களைக் குறைத்து ஊருக்குத் திருப்பி அனுப்பினார்கள். கப்பலுக்குப் போகிறவர்கள் பட்டியலில் மாணிக்கம் தன் பெயரையும் செல்லியின் பெயரையும் கொடுத்தான். எல்லம்மா பெயரைக் கொடுக்கவில்லை. ஊரில் அவன் அண்ணனுக்குக் குழந்தை இல்லை, செல்லி அங்கே வளரட்டும் என்றான்.

எல்லம்மா ஆஸ்பத்திரிக் கதவைப் பிடித்துக்கொண்டு என்னிடம் சொன்னது இது: "அவன் போட்டும் அண்ணி. கொயந்தைய மட்டும் உட்டுட்டுப் போவச் சொல்லு. அஞ்சு வயசுதான் ஆவுது. கப்பல்ல வாந்தி எடுத்தா யாரு புடிப்பா?"

தோட்டத்துத் துரை கையெழுத்துப் போடாமல் விஷயத்தை ஜில்லா அதிகாரிக்கு அனுப்பினார். அதிகாரியிடமிருந்து எனக்குக் கடிதம் வந்தது. நீ படித்தவள், அதே பகுதியைச் சேர்ந்தவள், இவர்கள் இருவரும் வழக்கப்படி கல்யாணம் ஆனவர்களா, என்னென்ன சடங்கு நடந்தது, அவற்றின் பொருள் என்ன என்று எழுதி அனுப்பவும்.

கமலம், எனக்கு எவ்வளவு சந்தோஷமாக இருந்தது என்று நினைக்கிறாய். எல்லம்மா அவனுடைய முறையான மனைவி என்று நிரூபித்துவிட்டால், அவளை விட்டுவிட்டுக் குழந்தையை மட்டும் கொண்டுபோக அவனால் முடியாது என்று நினைத்தேன். யாரையும் கேட்கவில்லை. தாலி கட்டியவள் என்பது ஒரு பெண்ணுக்கு எங்கேயும் பலம்தான் என்று நாம் நம்பி வளர்ந்தோம். அதைப் போய் யாரிடம் கேட்பது?

5

பெரிய தாளில் மூன்று பத்தி போட்டேன். சடங்கு, அதன் அர்த்தம், நடந்ததா இல்லையா.

சடங்குகள் பதினொன்று. பரிசம், பந்தக்கால், நலங்கு மஞ்சள், காப்பு, கூறைப்புடவை, மாலை மாற்றுதல், தாலியின் முதல் முடிச்சு, நாத்தனார் முடிச்சு, மெட்டி, அம்மி மிதித்தல், அருந்ததி பார்த்தல். இது என் கல்யாணத்தின் பட்டியல். எனக்கு இவை எல்லாம் நடந்தன. ஒன்றின் அர்த்தமும் யாரும் சொல்லவில்லை. என் நாத்தனார் முடிச்சுப் போடும்போது கேட்டேன். "பேசாமல் குனி" என்றாள்.

அர்த்தம் தேடி விசாரித்தேன். பந்தக்கால் எதற்கு என்று மாரியம்மன் கொட்டகைப் பண்டாரத்தைக் கேட்டால், அந்த மரத்தில் தேவர்கள் வந்து இறங்குவார்கள் என்றார். என் கணவர், இன்ன வீட்டில் விசேஷம் என்று ஊருக்குத் தெரிய அடையாளம் வேண்டாமா, அதற்குத்தான் என்றார். மஞ்சளைப் பற்றி எனக்கே ஒரு கருத்து இருந்தது. கூட்டம் தொட்டுத் தொட்டு நோய் ஒட்டாமல் இருக்கப் பூசியிருப்பார்கள் என்று எழுதினேன். மிச்சத்துக்கு எல்லம்மாவைக் கேட்டேன். அவள் சட்டியில் பஞ்சு அவித்துக்கொண்டே பதில் சொன்னாள்.

"மெட்டியா? எதிர்ல வர்ற ஆம்பள தலைய குனிஞ்சுகினு வந்தா, கால பாத்துட்டு ஒதுங்கிப் போவத்தான்."

"தலையை நிமிர்த்தி வந்தால்?"

"அதுக்குத்தான் தாலி."

"அம்மி மிதிக்கிறது? கல்லு மாதிரி மனசு திடமாக இருக்க வேண்டும் என்கிறார்கள்."

"நாள் முச்சூடும் இதுலதான் அரைக்கப் போறன்னு காட்டுறாங்க. வேற இன்னா?"

நாத்தனார் முடிச்சு எதற்கு என்று கேட்டபோது மட்டும் அவள் கிண்டல் செய்யவில்லை. சட்டியை இறக்கி வைத்தாள். "ஆம்பள ஒரு முடிச்சு போட்டுட்டு நாளைக்கு மறந்துடுவான் அண்ணி. ரெண்ட அந்த ஊட்டுப் பொம்பள போட்டா, இவ யாருன்னு நாளைக்கு அந்த ஊட்ல ஒருத்தரும் கேக்க முடியாது. கட்டினவ பதில் சொல்லணுமில்ல."

அதை அப்படியே நல்ல தமிழில் எழுதினேன். பட்டியலில் என் மனதுக்கு உண்மையாகப் பட்ட அர்த்தம் அது ஒன்றுதான்.

கடைசிப் பத்திக்கு வந்தேன். எல்லம்மாவின் கல்யாணத்தில் நடந்தவை ஐந்து. மஞ்சள், புடவை, மாலை, தாலி, என் முடிச்சு. மெட்டி வாங்க முடியவில்லை, அம்மி கிடைக்கவில்லை, அருந்ததியைக் காட்டுகிறவர் யாரும் இல்லை. பதினொரு கட்டத்தில் ஆறு காலி. வெள்ளைக்கார அதிகாரி பார்த்தால் கூலிக்காரர்களின் கல்யாணம் அரைகுறை என்று நினைப்பான். எனக்கு நடந்த பதினொன்றும் அவளுக்கும் இருக்கட்டும் என்று தோன்றியது. அதைத் தாராள மனசு என்று எண்ணிக்கொண்டேன். எல்லாக் கட்டத்திலும் "ஆம்" என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன்.

6

பத்து நாள் கழித்துத் தோட்டத்துக் கிராணி ஆஸ்பத்திரிக்கு வந்தார். யாழ்ப்பாணத்துக்காரர். கணக்கெழுதுகிறவர்களை இங்கே கிராணி என்பார்கள். இருமலுக்கு மருந்து கேட்டு வந்தவர், மருந்தை வாங்கிக்கொண்டும் போகாமல் நின்றார்.

"பிள்ளை, உங்கட கடதாசியைப் பார்த்தனான். வடிவாய்த்தான் எழுதியிருக்கிறியள். ஆனால் என்ன செய்து வைச்சிருக்கிறியள் எண்டு தெரியுமோ?"

தெரியாது என்றேன்.

"கலியாணம் கட்டின பெண்சாதி எண்டால் பிள்ளை தகப்பனுக்கு. அவன் எங்கை கொண்டு போனாலும் ஆரும் மறிக்கேலாது. கலியாணம் இல்லையெண்டால் பிள்ளை தாய்க்கு. துரைமார் அப்பிடித்தான் பார்ப்பினம். அந்த மனிசி சும்மா சேர்ந்து இருந்தவள் எண்டு நீங்கள் எழுதியிருந்தால் அண்டைக்கே விஷயம் முடிஞ்சுது. நீங்கள் பதினொரு வரியிலை பிள்ளையைத் தூக்கி அவன்ரை கையிலை குடுத்திட்டியள்."

என்ன செய்யலாம் என்று கேட்டேன். வெள்ளிக்கிழமை விசாரணை, நேரில் வந்து சொல்லுங்கள், வேறு வழியில்லை என்றார். அதற்கு அடுத்த புதன்கிழமை கப்பல்.

எல்லம்மாவிடம் சொல்ல வேண்டியவள் நான்தான். குழந்தை வேண்டுமானால், கல்யாணமே நடக்கவில்லை என்று நீ சொல்ல வேண்டும். இதைச் சொல்லும்போது காய்ச்சல் கணக்கை வாசிக்கிற குரலில் சொன்னேன். வேறு குரல் அப்போது என்னிடம் இல்லை.

அவள் கேட்டாள்: "அப்போ ஆறு வருசமா நான் இன்னாவா இருந்தேன்னு சொல்லணும்?"

7

வெள்ளிக்கிழமை காலை ஜில்லா அதிகாரியின் கச்சேரிக்கு எதிரே ஒரு தூங்குமூஞ்சி மரத்தடியில் நின்றோம். தாலியோடு உள்ளே போக முடியாது. எல்லம்மா முதுகைக் காட்டி நின்று முடியை ஒதுக்கிக்கொண்டாள், ஆடிப் பதினெட்டில் நிற்பது போலவே.

முடிச்சு அவிழவில்லை. பத்து மாத வியர்வையில் இறுகிப் போயிருந்தது. நகத்தால் நெம்பினேன். நகம் பிய்ந்தது. என் பையில் கத்தரிக்கோல் இருந்தது. அதை எடுக்கும் சத்தம் அவளுக்குக் கேட்டிருக்க வேண்டும்.

"அறுக்காத அண்ணி. அவன் உயிரோட கீறான்."

கத்தரிக்கோலை உள்ளே போட்டேன். குனிந்து பல்லால் கடித்து இழுத்தேன். மஞ்சளும் உப்பும் வாயில் கரித்தன. முதலில் மூன்றாவது முடிச்சு, பிறகு இரண்டாவது. இரண்டும் நான் போட்டவை. முதல் முடிச்சு தொட்டதும் அவிழ்ந்துவிட்டது. தாலியையும் கயிற்றையும் காலி பஞ்சு டப்பாவில் போட்டு மூடினேன். செல்லி பார்த்துக்கொண்டே இருந்தாள். "அம்மா, கழுத்துல ஒண்ணும் இல்ல" என்றாள். எல்லம்மா முந்தானையைச் சுற்றிப் போட்டுக்கொண்டாள்.

உள்ளே மாணிக்கம் வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு நின்றான். குடித்திருக்கவில்லை. சாட்சிக்கு இரண்டு பேரைக் கூட்டி வந்திருந்தான். கல்யாணச் சாப்பாடு சாப்பிட்டோம், பாயசம் கூட இருந்தது என்றார்கள் அவர்கள். சாப்பாடு இந்தப் பட்டியலில் இல்லையே என்றார் அதிகாரி. பிறகு என்னைக் கேட்டார். கிராணி மொழிபெயர்த்தார்.

பதினொன்றில் ஆறு நடக்கவில்லை என்றேன். பின் ஏன் ஆம் என்று எழுதினாய் என்று கேட்டார். வழக்கத்தை எழுதிவிட்டேன், நடந்ததை எழுதவில்லை என்றேன். படித்த பெண் இப்படிச் செய்யலாமா என்று கால் மணி நேரம் பேசினார். தலை குனிந்து கேட்டுக்கொண்டேன். பிறகு எட்டாவது வரியில் விரலை வைத்தார். இரண்டாம் மூன்றாம் முடிச்சை யார் போட வேண்டும்?

"மாப்பிள்ளையின் சகோதரி."

"அன்று அவள் அங்கே இருந்தாளா?"

"இல்லை."

மாணிக்கம் குறுக்கே வந்தான். "தோ, இந்த அக்காதான் கட்டுச்சு சாமி. எனுக்கு அக்கா மாதிரி. கேளுங்க."

"நீ இவனுடைய சகோதரியா?" என்று அதிகாரி என்னைக் கேட்டார்.

"இல்லை" என்றேன்.

நான் சொன்ன ஒவ்வொரு வரியும் உண்மை. கூட்டிப் பார்த்தால் பொய். அதுவரை எந்தக் கணக்கும் எனக்கு அப்படி வந்ததில்லை.

எல்லம்மாவைக் கூப்பிட்டார்கள். இவன் உன் புருஷனா? அவள் மாணிக்கத்தைப் பார்க்கவில்லை. ஜன்னலுக்கு வெளியே செல்லி ஒற்றைக்காலில் நின்று விளையாடுவதைப் பார்த்தாள்.

"இல்ல சாமி."

"பிறகு யார்?"

"கூட இருந்தாரு."

கிராணி புத்தகத்தில் எழுதினார். குழந்தை தாயிடம் இருக்கலாம். தகப்பன் பெயர் எழுதும் இடத்தில் ஒரு கோடு.

வெளியே வந்ததும் மாணிக்கம் என் எதிரே வந்து நின்றான். அடிப்பானோ என்று நினைத்தேன். அவன் குரல் மெதுவாகத்தான் இருந்தது. "அக்கா, குடிகாரன்னு சொல்லியிருக்கலாம். அடிச்சான்னு சொல்லியிருக்கலாம். ஒத்துக்கினு இருப்பேன். கட்டவே இல்லன்னு சொல்ட்டியே. நீதானே கட்டுன."

புதன்கிழமை அவன் போய்விட்டான். நீங்கள் ஆவடிச் சந்தையில் அவனைப் பார்த்திருக்கலாம்.

8

குழந்தை எங்களிடம் இருக்கிறது. கேட்டது கிடைத்தது. அதை நான் தினமும் எனக்குச் சொல்லிக்கொள்கிறேன்.

ஆனால் கச்சேரியில் சொன்னது தொழிலாளர் வரிசையாகக் குடியிருக்கும் லயங்களுக்கு எங்களுக்கு முன்பே போய்ச் சேர்ந்திருந்தது. வளைகாப்புக்கு எல்லம்மாவைக் கூப்பிடுவதில்லை. தாலிக் கயிறு மாற்றும் வீட்டில் அவள் கையில் மஞ்சள் கொடுப்பதில்லை. கட்டினவள் இல்லை, அறுத்தவளும் இல்லை, இவளை எந்த வரிசையில் உட்காரவைப்பது என்று ஒருத்தி என்னிடமே கேட்டாள். இவள் யார் என்று கேட்க முடியாதபடி கட்டுவதுதான் நாத்தனார் முடிச்சு என்றால், கேட்டவளுக்குப் பதில் சொல்ல வேண்டியவள் நான். என்னால் சொல்ல முடியவில்லை. சொன்னால் அது அதிகாரி காதுக்குப் போகும், செல்லி போய்விடுவாள். அவளுக்குக் கல்யாணம் ஆகும் வயது வரும்போது தகப்பன் பெயர் கேட்பார்கள். அங்கே அந்தக் கோடு இருக்கும். அதை அழிக்கவும் முடியாது. எனக்குப் பட்டியல் போடத் தெரியும். இதற்கு எந்த வரியில் என்ன எழுதுவது என்று தெரியவில்லை.

தாலி என் மருந்து அலமாரியில் பஞ்சு டப்பாவில் இருக்கிறது. அவள் கழுத்தில் போடக் கூடாது. உருக்கக் கூடாது. ஆற்றில் விடவும் கூடாது, அவன் உயிரோடு இருக்கிறான். இதற்கென்று ஒரு சடங்கு நம்மிடம் இல்லை கமலம். விசாரித்துவிட்டேன்.

உன் பட்டியலை இத்தோடு வைத்திருக்கிறேன். பதினொரு வரியும் இருக்கின்றன. மூன்றாவது பத்தியைக் கத்தரித்துவிட்டேன். உன் வாத்தியாருக்கு எட்டாவது வரியை மட்டும் இரண்டு முறை வாசித்துக் காட்டு. முடிச்சுப் போடப்போகிற உன் நாத்தனாரையும் பக்கத்தில் உட்காரவைத்துக்கொள்.

இந்த வருஷம் ஆடிப் பதினெட்டு அன்று நான் குழந்தைகளை எடை போட்டுக்கொண்டிருந்தேன். எல்லம்மா அவித்த பஞ்சைக் கொண்டுவந்து மேஜைமேல் வைத்தாள். வைத்துவிட்டு என் பக்கம் முதுகைக் காட்டி நின்று, முடியை ஒரு கையால் ஒதுக்கிக்கொண்டாள். பழக்கத்தில் செய்துவிட்டாள். அவள் கையில் கயிறு இல்லை. என் கையில் ஒரு குழந்தை இருந்தது.

"அந்த டப்பா பத்திரமா கீதா அண்ணி?" என்றாள் திரும்பாமல்.

"இருக்கு."

முடியைக் கீழே விட்டுவிட்டு அடுத்த சட்டியை இறக்கப் போனாள்.